வரைவும் வரவும்

தமிழிலே ‘வரைதல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. எழுதுதல் என்பது ஒன்று. எல்லை வகுத்தல் என்பது மற்றொன்று. மணஞ்செய்தல் என்பது பிறிதொன்று. ஏட்டிலே எழுத்தை வரைபவனையும், செலவுக்கு வரையறை செய்பவனையும், தலைவியை வரைந்துகொள்ளும் தலைவனையும் ஒரே வினைச்சொல் உணர்த்தி நிற்கின்றது. கீழைத்தேயக் கல்லூரியிலே அகப்பொருள் கற்பிக்குந்தோறும் இம்மூன்று பொருளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது என் வழக்கம். சொல்லாராய்ச்சியின் பொருட்டு மாத்திரம் யான் அவ்வாறு செய்வதில்லை. குறைந்த வருவாயோடு இல்லறம் தொடங்க நினைக்கும் இளைஞர்க்கு இம்மூன்றும் ஒருங்கே வேண்டப்படுகின்றன. மணம் வேண்டுமாயின் எல்லை வேண்டும்; எல்லை நிற்கவேண்டுமாயின் எழுத்து வேண்டும்.

அகத்துறைகளுள்ளே ‘வரைவிடை வைத்துப் பொருள்வயிற் பிரிதல்’ என்பதும் ஒன்று. தலைவியை மணத்தற்கு வேண்டும் பொருளை ஈட்டும் பொருட்டுத் தலைவன் மணத்துக்கு முன்னரே பிரிந்து செல்லுதல் இத்துறையாம். மணந்த பின்னர்ப் பொருள் தேடப் பிரிவது வேறு. அது கற்புக்காலத்துப் பிரிவு. நம் முன்னோர் இவ்விரண்டையும் கலந்து கூறாமை நோக்கத்தக்கது. மணத்துக்கு முன் தேடவேண்டிய பொருள் ஒன்று உண்டு. அதனைத் தேடுதற்குக் காலம் வேண்டும். அக்காலம் முடிவின்றி நீளுதல் ஆகாது. இவை மூன்றும் அவர்க்கு உடன்பாடு. பிரிந்து செல்வோன் தான் மீளும் பருவத்தைக் குறித்துச் செல்வதும், அப்பருவம் வந்தும் அவன் வாராவழித் தலைவி வருந்துவதும் பல செய்யுட்களுக்குக் கருவாயின. தவணை இல்லாத சேமிப்பு, காத்திருப்போரை வாட்டும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

அந்நாளிலே பொருள் தேடியவன் தலைவன். பெண்ணைப் பெற்றார்க்குப் பரிசம் கொடுத்தவனும் அவனே. இன்றோ நமது கிழக்குக் கரையிலே வழக்குத் தலைகீழாயிற்று. பெண்ணுக்கு ஒரு வீடும் நகையும் கொடுத்தல் பெற்றோர் தலைமேல் ஏறிய சுமையாக நிற்கின்றது. ஆயினும் யான் இங்கே சீதனத்தைப் பற்றி வழக்காட வரவில்லை. அதனினும் சிறியதாய், அதனினும் அண்மையதாய் உள்ள ஒன்றைச் சொல்லவே வந்தேன். திருமணத்துக்குச் சேர்த்தல் வேறு. இல்லறத்துக்குச் சேர்த்தல் வேறு. நம்மவர் முன்னதைச் சேர்க்கின்றனர். பின்னதைச் சேர்க்க மறக்கின்றனர்.

திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு ஏனையோரினும் மிகுதியாக விளங்கவேண்டும். இவ்வூரின் வரவு கடலோடு பிறந்தது. கடலைப் போலவே ஏறி வற்றுவது. பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த இத்துறை 1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே இலங்கையின் கைக்கு வந்தது. அது நாட்டுக்கு மகிழ்ச்சி. ஆயின், அத்தளத்தின் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தியோர்க்கு அவ்வேலை அற்றது. பின்னர், சீனக்குடாப் பக்கத்திலே மா ஆலையும் சீமெந்து ஆலையும் தோன்றி வேறு சிலர்க்கு வேலை தந்தன. கடற்றொழிலாளர் நிலையும் அத்தகையதே. வாடைக்காற்று வீசும் மாதங்களிலே கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். கடல் அமைதியுறும் மாதங்களிலே வருவதைக் கொண்டே ஆண்டு முழுவதையும் ஓட்டவேண்டும். கரைவலை இழுப்போர்க்குச் சம்பளம் என்பதே இல்லை. பட்ட மீனிலே பங்குதான் உண்டு. மாதந்தோறும் ஒரே தொகை எடுத்து வை என்று இவர்களுக்கு உபதேசிப்பது, பருவம் அறியாதவன் பயிர் செய்யச் சொல்வதைப் போன்றது. இவர்களுடைய சேமிப்புக்கு அளவு, மாதக் கணக்கிலே அன்று, பருவக் கணக்கிலே அமைதல் வேண்டும்.

என் மாலை வகுப்பிலே படித்த இளைஞர் ஒருவர் துறைமுகப் பகுதியிலே நாட்கூலிக்கு மூட்டை ஏற்றி இறக்குபவர். அவர் மணக்க விரும்பிய பெண் கடைத்தெருவிலே ஒரு புடைவைக் கடையில் வேலை செய்பவர். இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். வேலை உள்ள நாளிலே ஆளுக்கு 200 ரூபா ஒதுக்குவது. இரண்டு ஆண்டு பொறுப்பது. அதன் பின்னரே கலியாணம். மாதத்துக்கு 25 நாள் வேலை என்று கொண்டால் ஒருவருக்கு மாதம் 5,000 ரூபா; ஆண்டுக்கு 60,000 ரூபா. இருவருக்கும் இரண்டு ஆண்டில் 240,000 ரூபா. வாடை மாதங்களிலே அவருக்கு வேலை குறைந்தது. அப்போது கொப்பியிலே பூச்சியம் எழுதினரேயன்றி, சேர்த்ததை எடுத்திலர். வேலை மிகுந்த மாதங்களிலே விட்டதைக் கூட்டி வைத்தனர்.

இரு வீட்டாருக்கும் இஃது உவப்பாகவில்லை. “பந்தலும் விருந்தும் இல்லாமற் கலியாணமோ? ஊர் என்ன சொல்லும்?” என்றனர். கடன்பட்டாயினும் சிறப்பாக நடத்தவேண்டும் என்றார் ஒரு பெரியவர். அப்போது அப்பெண் என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஐயா, ஒருநாட் பந்தலுக்குப் பட்ட கடனை என் பிள்ளையின் பால்மாவிலே அல்லவோ கழிக்கவேண்டிவரும்?” யாரும் மறுமொழி சொல்லவில்லை. கோயிலிலே தாலி கட்டி, உற்றார் சிலர்க்கு உணவளித்துக் கலியாணம் நடந்தது.

அடுத்த ஆண்டு குழந்தை பிறந்தது. நம் நாட்டிலே அரசாங்க வைத்தியசாலையில் மகப்பேற்றுக்குக் கட்டணம் இல்லை. பள்ளிக்கூடத்திலும் 1945 ஆம் ஆண்டு தொடக்கம் இலவசக் கல்வி. ஆதலாற் குழந்தை பிறப்பது செலவன்று என்று எண்ணுவோர் பலர். பெருஞ்செலவு எது எனில், இரண்டு கூலி ஒன்றாதலே. கடையிலே வேலை செய்யும் பெண்ணுக்கு 84 நாள் மகப்பேற்று விடுமுறை சட்டத்தில் உண்டு. அதன் பின்னர்க் குழந்தையை யார் பார்ப்பது? பார்ப்பார் இன்மையால் அப்பெண் ஓராண்டு வீட்டிலே இருந்தார். அந்த ஓராண்டின் வாடகையிலும் சாப்பாட்டிலும் அவருடைய கூலி விட்ட குறையை நிரப்பியது அக்கொப்பியிலே எழுதிய தொகைதான். இதுவே இல்லறத்துக்குச் சேர்த்தல் என்பது.

வருவாயின் வழி ஒடுங்கியதாக இருத்தல் குற்றமன்று. செலவின் வழி அதனினும் விரியாதிருந்தாற் போதும் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் கூறியுள்ளார். அஃது எங்கே கூறப்பட்டது என்பதை மாணவர் பலர் கவனிப்பதில்லை. பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்திலே இருக்கும் என்றே எண்ணுவர். இல்லை, அஃது உள்ள இடம் வலியறிதல். பகைமேற் செல்லும் அரசன் தன் வலியையும் மாற்றான் வலியையும் அளந்தறியவேண்டும் என்று தொடங்கும் அவ்வதிகாரம், இறுதி நான்கு குறள்களிலே ஈதலின் அளவையும் வரவு செலவின் அளவையும் பேசி முடிகின்றது. படையின் வலியை அறிவதும் பணப்பையின் வலியை அறிவதும் ஒரே அறிவு என்பது அவர் துணிபு போலும். ஏழை செலவை அளந்து செய்வதை உலோபம் என்று எள்ளுவோர் இவ்வதிகாரத்தை ஒருமுறை படித்தல் நன்று.

இனி, சேர்த்ததை எங்கே வைப்பது என்னும் வினா எழும். நம் பாட்டிமார் முட்டியிலே காசு போட்டனர். முட்டிக்கு ஒரு நன்மை உண்டு. உடைத்தாலன்றி எடுக்க முடியாது. அதற்கு ஒரு குறையும் உண்டு. விலைவாசி ஏறும்போது உள்ளேயிருக்கும் காசு மெலியும். 2022 ஆம் ஆண்டு செப்டம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 வீதத்தை எட்டியது. முந்திய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கியதை வாங்க ஏறக்குறைய 170 ரூபா வேண்டியதாயிற்று. முட்டியிலே வைத்திருந்தோர் பணம் எண்ணிக்கையிற் குறையாமலே வலியிற் குறைந்தது. வங்கி வட்டியும் அவ்வாண்டின் ஏற்றத்துக்கு ஈடு செய்ததில்லை. ஆயினும் ஒன்றும் பெறாமைக்குச் சிறிது பெறுதல் மேல். நகையாக வாங்குவோம் எனின், பவுண் விலை ஏறும் என்பது மெய். ஆனால் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வாரா. அவசரத்துக்கு அடைவு வைத்தால் வட்டி வேறு.

சீட்டுப் பிடித்தல் நம்மவர்க்குக் கைவந்தது. பன்னிருவர் சேர்ந்து மாதம் 10,000 ரூபா போட்டால், மாதந்தோறும் ஒருவர் 120,000 ரூபா எடுப்பார். இதிலே ஒரு நுட்பம் உண்டு. முதற் சீட்டை எடுப்பவர் உண்மையிலே கடன் வாங்குகின்றார்; கடைசிச் சீட்டை எடுப்பவரே சேமிக்கின்றார். ஆதலின் கலியாணத்துக்குச் சேர்ப்போர் கடைசி முறையைக் கேட்டுப் பெறுதல் தகும். ஆயின் கடைசி வரை காத்திருப்பவருக்கே ஆபத்தும் மிகுதி. சீட்டுத் தலைவர் நாணயம் தவறினால் இழப்பவர் அவரே. சீட்டுகளை ஒழுங்கு செய்ய இலங்கையிலே 1935 ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச்சட்டம் பிறந்தது என்றால், இவ்வச்சம் இன்று நேற்று வந்ததன்று என்பது விளங்கும். முகம் அறிந்தவரிடம், ஆள் குறைந்த சீட்டாக, எழுத்திலே பிடித்தல் நலம்.

இதனினும் உறுதியான வழி சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கம். செர்மனி நாட்டிலே 19 ஆம் நூற்றாண்டில் இரைபைசன் என்பவர் வறிய உழவர்க்காகத் தொடங்கிய முறை இது. இலங்கையிலே 1911 ஆம் ஆண்டின் சட்டத்தால் வேரூன்றியது. சிறு தொகையை ஒழுங்காக இடுவோர்க்கே கடன் என்பது இதன் உயிர்நாடி. அருகிலே சங்கம் இல்லாதோர் அஞ்சலகத்துக்குச் செல்லலாம். 1885 ஆம் ஆண்டு தோன்றிய அஞ்சலகச் சேமிப்பு வங்கி, 1972 ஆம் ஆண்டு தேசிய சேமிப்பு வங்கியோடு இணைந்தது; அவ்வங்கியின் புத்தகத்தை இன்றும் அஞ்சலகத்திலே பேணலாம்.

சம்பள வேலையில் உள்ள பெண்களுக்கு ஒரு வார்த்தை. 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் நூற்றுக்கு 8 வீதமும் முதலாளி 12 வீதமும் இன்று செலுத்துகின்றனர். திருமணங் காரணமாக வேலையை விட்டு நீங்கும் பெண், தன் முதுமைக்கு முன்னரே இந்நிதியைப் பெறச் சட்டம் இடந்தருகின்றது. சட்டம் தந்த இவ்வுரிமை, பெரும்பாலும் பந்தலிலும் பட்டுச்சேலையிலும் கரைவதைக் கண்டு யான் வருந்தியதுண்டு. அது பெண்ணின் பல ஆண்டு உழைப்பு. அதனை எடுக்க வேண்டியதே இல்லையாயின் எடாதிருத்தல் சிறப்பு. எடுத்தால், அவள் பெயரிலேயே இட்டு வைத்தல் கடன்.

கடன் என்னும்போது நுண்கடனை நினையாதிருத்தல் அரிது. போருக்குப் பின்னர் வீட்டு வாசலுக்கே வந்து, ஈடின்றிக் கொடுத்து, கிழமைதோறும் அறவிடும் கடன் நமது கிராமங்களிலே பரவியது. 2018 ஆம் ஆண்டிலே, வறட்சியால் நலிந்த மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு மேற்படாத இத்தகைய கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வந்தது. திருக்கோணமலையும் அம்மாவட்டங்களுள் ஒன்று. அரசு தலையிடவேண்டிய அளவுக்கு வளர்ந்த துன்பம் அது. கலியாணத்துக்கு வாங்கிய கடன் மணமக்களுக்கு முன்னரே புகுந்த வீட்டிலே குடியேறிவிடும்.

குறைந்த கூலியோர்க்குச் சிக்கனத்தை மாத்திரம் போதித்தல் நீதியன்று என்பதை யான் அறிவேன். கூலி உயரவேண்டும், வேலை நிலைக்கவேண்டும். ஆயின் அவை வருமளவும் இளையோர் தனித்து நின்று ஊர்வாயோடு போராட விடுதல் தகாது. இவ்விடத்திலே பெரியோராகிய நமக்கு ஒரு பொறுப்பு உண்டு. கலியாணப் பேச்சுக்குச் செல்லும்போது வீட்டைக் கேட்கின்றோம்; நகையைக் கேட்கின்றோம்; மண்டபத்தைக் கேட்கின்றோம். இனி, ‘கலியாணத்துக்கு அடுத்த ஆண்டின் செலவுக்கு என்ன இருக்கின்றது?’ என்றும் கேட்போம். இல்லை என்றால், மண்டபத்துக்கு வைத்ததிலே பாதியை அதற்கு மாற்றச் சொல்வோம். ஆசிரியர்களும் கோயில் அறங்காவலரும் ஊர்ப் பெரியோரும் இவ்வாறு நாலு கலியாணத்திலே சொல்லிவிட்டால், ஐந்தாவது வீட்டார்க்கு ‘ஊர் என்ன சொல்லும்’ என்னும் அச்சம் பாதி குறையும்.