லைட்டர் கல்லும் மாரிக் காற்றும்

பாலமுனையில் மாரி தொடங்கினால் முதலில் அதை அறிவது அடுப்படிதான். சிரட்டையில் இருக்கும் உப்பு கசிந்து நீர் விடும். தீப்பெட்டியில் ஈரம் ஊறிவிடும். எத்தனை தரம் உரசினாலும் குச்சியின் மருந்து உதிருமே தவிரப் பற்றாது. அப்போது உம்மா கேட்பது வாப்பாவின் லைட்டரைத்தான். கடலில் நனைந்து வந்த லைட்டரைக்கூடச் சாரத்தில் துடைத்து, ஊதிவிட்டுச் சில்லைச் சுழற்றினால் பொறி பறக்கும்.

அந்தப் பொறி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் ஆசையில், பத்து வயதில் காஸ் தீர்ந்த லைட்டர்களை உடைத்திருக்கிறேன். சில்லின் அடியில் மெல்லிய சுருள்வில். அதன் நுனியில் நெல்மணியை விடச் சிறிய சாம்பல் நிற உருளை. கல் என்று எல்லோரும் சொன்னாலும் அது உலோகம். ஒரு நாள் நாலைந்தை அரத்தில் தேய்த்துத் தூளைக் கடதாசியில் சேர்த்தேன். அரத்திலிருந்து தெறித்த ஒரே பொறி போதுமாயிருந்தது. வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடித்தது, பெருவிரல் நுனி வெந்தது. ஓடிப்போய் நான் தூக்கியது தண்ணீர் வாளியை. நல்லவேளை, வாளி வந்து சேருமுன்பே தூள் எரிந்து முடிந்திருந்தது. அந்த வாளிதான் அன்றைய பெரிய ஆபத்து என்பது இரசாயனவியல் படித்த பிறகே விளங்கியது. எந்தப் பிள்ளையும் அந்த விளையாட்டைத் திரும்பச் செய்யக்கூடாது.

லைட்டர் கல்லில் ஏறத்தாழ 30 வீதம் இரும்பு. மீதி சீரியம், லந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்களின் கலவை. அதில் பாதியளவு சீரியம். அருமண் என்ற பெயரைக் கேட்டு அரிது என்று நினைக்க வேண்டாம். புவியோட்டில் சீரியம் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு இருக்கிறது. செறிந்து ஓரிடத்தில் கிடைப்பதும், ஒன்றையொன்று பிரித்தெடுப்பதும்தான் கடினம்.

இந்தக் கல்லை உலகுக்குத் தந்தவர் ஒஸ்திரிய விஞ்ஞானி கார்ல் ஔவர் வொன் வெல்ஸ்பாக். எங்கள் கலியாண வீடுகளில் வெளிச்சம் தந்த பெற்றோமக்ஸின் மென்டிலும் அவருடைய கண்டுபிடிப்பிலிருந்து வந்ததுதான். 1891 இல் அவர் இறுதிப்படுத்திய மென்டிலில் 99 வீதம் தோரியம் ஒட்சைட்டு, 1 வீதம் சீரியம் ஒட்சைட்டு. தோரியத்துக்காக மொனசைட் என்ற கனிமத்தை டன் கணக்கில் உடைத்தார்கள். தோரியத்தை எடுத்த பின் சீரியக் கழிவு குவிந்தது. அந்தக் குவியலை என்ன செய்வது என்று யோசித்தவரின் விடைதான் 1903 இல் காப்புரிமை பெற்ற தீப்பொறிக் கலப்புலோகம்.

மொனசைட்டுக்கும் தமிழ்க் கரைக்கும் உள்ள உறவு ஒரு கயிற்றில் தொடங்கியது. 1909 இல் சோம்பெர்க் என்ற ஜெர்மானிய இரசாயனவியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய தென்னந்தும்பில் ஒட்டியிருந்த மணலில் மஞ்சள் கலந்த பழுப்பு மணிகளைக் கண்டார். தேடிப்போனபோது அது மணவாளக்குறிச்சிக் கரையின் மணல். பின்னாளில், 1952 இல், கேரளத்தின் ஆலுவாவில் மொனசைட்டைப் பிரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. இலங்கையில் எங்கள் கிழக்குக் கரையிலும் புல்மோட்டைக் கனிய மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோனோடு சிறிதளவு மொனசைட் உண்டு. பேருவளைப் பக்கத்திலும் மொனசைட் கலந்த கரைமணல் இருக்கிறது.

இந்த மணிகளை நான் வியந்து பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. மலையில் பிறந்து, ஆற்றில் உருண்டு, கடலில் அலைபட்டு, காலங்காலமாக உப்பு நீரில் கிடந்தும் மொனசைட் கரையவில்லை, எரியவும் இல்லை. உள்ளே இருப்பது அதே சீரியம். அதைப் பொஸ்பேற்று கட்டி வைத்திருக்கிறது. தோரியத்தின் கதிர்த்தொழிற்பாட்டுக்காக மொனசைட் குவியலைக் கவனமாகக் கையாள வேண்டும். ஆனால் தீப்பிடிக்கும் என்ற பயம் அதில் இல்லை. செறிந்த எரிசோடாவில் கொதிக்க வைத்துப் பொஸ்பேற்றைக் கழற்றி, அமிலத்தில் கரைத்துக் குளோரைட்டாக்கும்போதுதான் சீரியம் விழிக்கத் தொடங்குகிறது.

விழித்த சீரியம் தேடுவது ஈரத்தை. சாதாரணமாகக் கிடைக்கும் சீரியம் குளோரைட்டு, ஓர் அலகுக்கு ஏழு நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கும். உலோகம் எடுக்க அந்த நீர் போக வேண்டும். சட்டியில் இட்டு வறுத்தால் போய்விடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நீர் போகிறபோது குளோரினையும் ஐதரசன் குளோரைட்டு வாயுவாக இழுத்துக்கொண்டு போகும். மூக்கையும் நெஞ்சையும் அரிக்கிற புகை அது. சட்டியில் மிஞ்சுவது உதவாத ஒட்சிகுளோரைட்டு. அதனால்தான் அமோனியம் குளோரைட்டைச் சேர்த்தோ, வெற்றிடத்தில் மெல்ல மெல்லச் சூடேற்றியோ, புகையை உறிஞ்சும் பெட்டிக்குள் இதைச் செய்கிறார்கள். உலர்ந்த பின் போத்தலின் மூடியைத் திறந்து வைத்தால் எங்கள் சிரட்டை உப்பின் கதைதான். இது அதைவிட வேகமாகக் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். மாரியில் ஒலுவில் பல்கலைக்கழகப் பக்கம் நடந்தவர்களுக்கு அந்தக் காற்றின் ஈரத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உலர்ந்த குளோரைட்டை உருக்கி மின்னைச் செலுத்தினால் உலோகம் கிடைக்கும். சீரியம் கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகம். வெட்டிய முகம் முதலில் வெள்ளியாக மின்னும், பிறகு கறுக்கும். அதனால் கனிய எண்ணெய்க்குள் அல்லது ஆகன் வாயு நிரப்பிய கலத்துக்குள் வைக்கிறார்கள். கட்டியாக இருக்கும்வரை அது பொறுமைசாலி. தூளானால் கதை வேறு. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனவுருவின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே 0.01 மில்லிமீற்றர் துகள்களாக்கினால் மேற்பரப்பு 6000 சதுர சென்ரிமீற்றர், ஒரு சிறிய முஸல்லாவை விரித்த அளவு. அத்தனை பரப்பிலும் ஒட்சிசன் ஒரே நேரத்தில் பாய்கிறது. ஏறத்தாழ 150 பாகை செல்சியசிலேயே சீரியம் பற்றிக்கொள்ளும். உரசும் சூடே அதற்குப் போதும். லைட்டர் கல்லில் இரும்பைச் சேர்ப்பதும் இதற்காகத்தான். மென்மையான சீரியத்தை அது கடினமாக்கி நொறுங்க வைக்கிறது. சில்லின் பல் பிய்த்தெறியும் ஒவ்வொரு துணுக்கும் பறக்கும்போதே எரிகிறது. ஆகவே இவ்வுலோகங்களோடு வேலை செய்பவர்கள் அராவிய தூளைச் சேர விடுவதில்லை. அன்று என் கடதாசியில் சேர்ந்திருந்தது அதுதான்.

அருமண் குடும்பத்துச் சேர்வைகளில் என் மனதுக்கு மிகப் பிடித்தது சமாரியம் ஈரயடைட்டு. 1977 இல் பிரான்சில் ஹென்றி ககானின் குழு இதை எளிதாகத் தயாரிக்கும் வழியைக் காட்டியது. கரைசல், மை போலக் கரு நீலம். இறப்பர் மூடியிட்ட குடுவைக்குள் ஆகன் நிறைத்து, ஊசியால் குத்தித்தான் எடுப்பார்கள். மூடியில் சிறு கசிவு இருந்தாலும் நீலம் மங்கி மஞ்சளாகும். கெட்டுப்போனதைத் தானே அறிவிக்கும் சேர்வை! ஆனால் அது கரைந்திருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றும். காற்றுப்பட்டு நாள் கடந்தால் வெடிக்கக்கூடிய பரவொட்சைட்டுகளும் அதில் உருவாகும். அந்த ஆபத்து நிறத்தில் தெரியாது. போத்தலில் திறந்த திகதியை எழுதி ஒட்டுகிற சின்ன வேலை அதனால்தான் உயிர் காக்கும் வேலை.

இனி அந்தத் தண்ணீர் வாளி. எரியும் சீரியத்தில் தண்ணீர் பட்டால் ஐதரசன் வாயு பிறக்கும். தீயின் மேலேயே ஐதரசன் வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காபனீரொட்சைட்டு அணைப்பானும் கைகொடுக்காது. எரிகிற உலோகம் அதிலிருந்தே ஒட்சிசனைப் பிடுங்கிக்கொள்ளும். உலோகத் தீக்கென்றே உள்ள தூள் அணைப்பான் வேண்டும். இல்லாவிட்டால் உலர்ந்த உப்புத் தூளை, அல்லது உலர்ந்த மணலை, தெறிக்காதபடி மெதுவாகக் கொட்டி மூட வேண்டும்.

உலர்ந்த என்ற சொல்லில்தான் எங்கள் கரையோர ஆய்வுகூடங்கள் கவனமாக இருக்க வேண்டும். பாலமுனைக் கடற்கரையில் ஒரு வாளி மணலை அள்ளி வந்து கதவோரம் வைத்தால் அது தீயணைக்கும் மணல் ஆகாது. கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் அதில் கடலின் உப்பும் ஈரமும் இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, வெயிலில் காயவிட்டு, பிறகு கனலடுப்பில் மணிக்கணக்காகச் சூடாக்கி, ஆறியதும் காற்றுப் புகாத மூடியுள்ள தகரத்தில் அடைக்க வேண்டும். மாரி வருமுன் ஒரு தரம் திறந்து, மீண்டும் காய வைத்துவிடுவது நல்லது. அப்படி அடைத்த மணலில் புல்மோட்டை மணலிலிருந்து தேன் நிற மொனசைட் மணியொன்று கலந்திருந்தாலும் பயமில்லை. எரிகிற சீரியத்தின் மேல் அதுவும் மற்ற மணலோடு மணலாக விழுந்து மூடும்; பொஸ்பேற்றின் பிடியில் இருக்கும் அதன் சீரியம் அந்தச் சூட்டிலும் தீப்பற்றாது.