உன் பெயர் என்ன?



தோட்டப் பங்குகளில் பணியாற்றும் குருவானவருக்கு, திருப்பலி முடிந்தபின் ஆலய வாசலில் கழியும் அரைமணி நேரம் பல பாடங்களைக் கற்றுத்தரும். சில ஆண்டுகளுக்கு முன் ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், எல்லோரும் கலைந்து செல்லும்வரை காத்துநின்ற சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். "சாமி, எங்க வீட்டுக்காரருக்காக வேண்டிக்குங்க. ஆனா யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்றார். என்ன விடயம் என்று கேட்டேன். "ஒடம்புக்கு முடியல" என்றார். என்ன நோய் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நோய் இன்னதென்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். லயத்தில் அவ்வீட்டுக்கு இப்பக்கமும் அப்பக்கமும் குடியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு வீட்டில் குழந்தை இருமினால் மூன்றாம் வீட்டில் கேட்கும் சுவர்கள் அவை. அவருடைய கணவர் ஒரு காலத்தில் அத்தோட்டத்து உதைபந்தாட்ட அணியின் முன்கள வீரர். ஹற்றன் டன்பார் மைதானத்தில் அவர் அடித்த கோல் ஒன்றைப் பற்றி இன்றும் பேசுகின்ற பெரியவர்கள் உண்டு. அன்றிரவு அவரைத் தோளில் தூக்கிவந்தவர்கள்தாம், அவர் கையில் முதன்முதலாகச் சாராயக் குவளையையும் கொடுத்தார்கள். நான் கண்ட நாளிலோ அவர் தவறணை திறக்கும் நேரம் பார்த்து விழித்தெழும் மனிதர். கையில் காசில்லாத நாட்களில் கசிப்பு.

அன்று நான் அந்தச் சகோதரிக்குச் சொன்ன பதிலை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "பொறுமையா இரும்மா, செபமாலை சொல்லு" என்று கூறி, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பிவிட்டேன். செபமாலையில் குறையில்லை, அதைச் சொல்லிவிட்டு நான் கைகழுவிக்கொண்டதில்தான் குறை.

பல மாதங்கள் கழித்து, விளையாட்டில் நாட்டமுள்ள என் நண்பரான குருவானவர் ஒருவர் எனக்கொரு நூலைத் தந்தார். இங்கிலாந்து உதைபந்தாட்ட வீரர் டோனி அடம்ஸ் 1998இல் வெளியிட்ட தன்வரலாறு அது. 'அடிக்டட்', அதாவது 'அடிமைப்பட்டவன்' என்பது அதன் தலைப்பு. நம்முடைய இளைஞர் பலருக்கும் ஆர்சனல் கழகத்தின் பெயர் தெரியும். அதன் சட்டையை அணிந்துகொண்டு கொழுந்து மலையில் நடமாடும் பிள்ளைகளை நானே கண்டிருக்கிறேன். அக்கழகத்தின் அணித்தலைவராக 1988ஆம் ஆண்டு, தம் 21ஆவது வயதில், பொறுப்பேற்றவர் இவர்.

அக்காலத்து ஆங்கில உதைபந்தாட்டத்தில் குடி என்பது குற்றமாகக் கருதப்படவில்லை. தோழமையின் அடையாளமாகவே எண்ணப்பட்டது. புதன்கிழமை ஓய்வு நாள் என்பதால், செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்ததும் வீரர்கள் கூட்டமாகக் குடிக்கச் செல்வது ஆர்சனலில் எழுதப்படாத சட்டமாயிருந்தது. நம் தோட்டங்களின் சம்பள நாளை அறிந்தவர்களுக்கு இது புரியும். வராதவனை ஆணாகவே மதிக்கமாட்டார்கள். 1990 மே மாதத்தில் அடம்ஸ், சட்டம் அனுமதித்த அளவைப்போல் நான்கு மடங்குக்கும் மேலான மது உடலிலிருக்க, தம் காரைச் சுவரொன்றில் மோதினார். அவ்வாண்டு டிசெம்பரில் நீதிமன்றம் அவருக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சிறையிலிருந்தார். வெளியே வந்தபோது இரசிகர்கள் ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். அணித்தலைவர் பதவி அவருக்காகக் காத்திருந்தது. அப்பருவத்திலேயே ஆர்சனல் இங்கிலாந்தின் சம்பியனாகவும் ஆனது.

இவ்விடத்தில் நூலை மூடிவைத்து நெடுநேரம் யோசித்தேன். சிறைக்குச் சென்ற மனிதனை யாரும் நோயாளி என்று எண்ணவில்லை! அவன் பந்தைத் தடுத்துக்கொண்டிருக்கும்வரை கழகமும் பத்திரிகைகளும் மக்களும் அவனைக் கைவிடவில்லை, காப்பாற்றவுமில்லை. போதை முற்றாய்த் தெளியாத நிலையில் களமிறங்கிய போட்டியும் உண்டென்று அவரே ஒப்புக்கொள்கிறார். புகழ் என்னும் கம்பளி அத்தனையையும் மூடிவைத்திருந்தது.

1996ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகள் இங்கிலாந்திலேயே நடைபெற்றன. தாய்நாட்டு அணிக்குத் தலைமை தாங்கிய அடம்ஸ், போட்டித்தொடர் முடியும்வரை குடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஜூன் 26ஆந் திகதி அரையிறுதியில் ஜேர்மனியிடம் பெனால்ட்டி உதைகளில் இங்கிலாந்து தோற்றது. அவ்விரவில் தொடங்கிய குடி ஏறக்குறைய ஏழு வாரங்கள் நீடித்தது. அடக்கிவைத்த காலத்துக்கும் சேர்த்துக் குடித்தார். தவக்காலம் நாற்பது நாளும் தொடாமலிருந்துவிட்டு, பாஸ்கா ஞாயிறன்று மதியத்துக்குள் விழுந்துகிடக்கும் நம்மவர்களை நான் நினைத்துக்கொண்டேன். அடக்கிவைப்பது வேறு, குணமடைவது வேறு.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் அவர் கடைசிக் குவளையை வைத்தார். செப்டெம்பரில், பயிற்சித்திடலில் தம் அணியினரை ஒன்றுகூட்டி, தாம் மதுவுக்கு அடிமைப்பட்டவர் என்று வாய்விட்டுச் சொன்னார். இங்கிலாந்தின் அணித்தலைவர், இருபது ஆண்கள் முன்னிலையில், தம் நோயின் பெயரைத் தம் வாயாலேயே சொன்ன கணம் அது. அதே கழகத்தில் இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1994 நவம்பரில், போல் மெர்சன் என்ற வீரரும் கண்ணீரோடு இதேபோல் அறிக்கையிட்டிருந்தார். அவர் பின்னாளில் மீண்டும் மீண்டும் விழுந்தார், எழுந்தார். சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எவரும் நினைத்துவிடலாகாது என்பதற்காகவே அவரையும் குறிப்பிடுகிறேன்.

அச்சமயத்தில் ஆர்சனலுக்குப் புதிய பயிற்றுவிப்பாளர் வந்தார். பிரான்ஸ் நாட்டின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஆர்சென் வெங்கர் அவர். அவருடைய பெற்றோர் தம் ஊரிலே மதுச்சாலை நடத்தியவர்கள்; அம்மதுச்சாலைக்குப் பெயர் 'பொற்சிலுவை'! மது மனிதரை என்ன செய்யும் என்பதைச் சிறுவயதிலேயே கண்ணாரக் கண்டு வளர்ந்தவரான அவர், வீரர்களின் உணவையும் பழக்கங்களையும் மாற்றினார். 1998 மே 3ஆந் திகதி எவர்டன் கழகத்துக்கெதிரான போட்டியின் இறுதி நிமிடங்களில், பின்கள வீரரான அடம்ஸ் முன்னோக்கி ஓடி இடதுகாலால் கோல் அடித்தார். நான்குக்குப் பூச்சியம். அன்று ஆர்சனல் சம்பியன். அதே மாதத்தில் எஃப்.ஏ. கிண்ணமும் அவர்களுக்கே. 2002இல் அவ்விரு கிண்ணங்களையும் மறுபடி வென்றபின் அவர் ஓய்வுபெற்றார். 2000ஆம் ஆண்டில், அடிமைப்பட்ட விளையாட்டு வீரர்களுக்கென 'ஸ்போர்ட்டிங் சான்ஸ்' என்னும் சிகிச்சை நிறுவனத்தையும் அவர் தொடக்கியிருந்தார்.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. 1968இல் ஐரோப்பாவின் மிகச்சிறந்த வீரராகத் தெரிவான ஜோர்ஜ் பெஸ்ட், 2002இல் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தபின்பும் குடித்தார். சாகுந்தறுவாயில் மஞ்சள் நிறமேறிய தம் படத்தைப் பத்திரிகையில் வெளியிடச் செய்து, தம்மைப்போல் எவரும் மடியவேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். 2005 நவம்பர் 25ஆந் திகதி மரித்தார். சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2020இல் அதே நவம்பர் 25ஆந் திகதி, நம் வீட்டுச் சுவர்களிலும் படமாய்த் தொங்கிய டியேகோ மரடோனா 60 வயதில் இறந்தார். புவெனஸ் அயர்ஸ் நகரின் ஓரத்துச் சேரியொன்றிலிருந்து புறப்பட்டு உலகத்தின் உச்சிக்கு ஏறியவரை, போதைப்பொருள் பல ஆண்டுகள் ஆட்டிப்படைத்தது. 2014இல் உரோமையில் நடைபெற்ற சமாதானத்துக்கான போட்டியை ஒட்டித் திருத்தந்தை பிரான்சிஸைச் சந்தித்தபோது அவர் முகத்தில் தெரிந்த சிறுபிள்ளையின் மகிழ்ச்சியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவரைத் தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை.

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தை இப்போது ஒருமுறை திறந்துவைத்துக்கொள்ளுங்கள். கெரசேனர் பகுதியிலே கல்லறைகளுக்கிடையில் வாழ்ந்த மனிதனின் கதை. ஊரார் அவனைச் சங்கிலியால் கட்டிப்பார்த்தார்கள், அறுத்தெறிந்தான். இரவும் பகலும் கூச்சலிட்டு, கற்களால் தன்னையே காயப்படுத்திக்கொண்டான். குடிநோய் பேய்பிடித்தல் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவ்வூரில் நடந்தவை நம் ஊரிலும் நடக்கின்றன. இயேசு அவனிடம் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள்: உன் பெயர் என்ன? எல்லாம் அறிந்தவருக்கு அதைக் கேட்கவேண்டிய தேவை ஏது? உள்ளேயிருந்து அவனை அழிப்பது எதுவோ, அது அவன் வாயாலேயே பெயர் சொல்லி வெளியே வரவேண்டுமென்று ஆண்டவர் விரும்பினார் என்றே நான் கருதுகிறேன்.

நம் குடும்பங்களில் அப்பெயரைச் சொல்ல விடுவதில்லை. கணவர் வேலைக்குப் போகாத நாளில், காய்ச்சல் என்று கங்காணியிடம் மனைவி சொல்லியனுப்புகிறார். கடைக் கடனைத் தாய் தன் பெயரில் எழுதிக்கொள்கிறார். பிள்ளைகளுக்கு, பாடசாலையில் கேட்டால் என்ன சொல்லவேண்டுமென்று பாடம் நடத்தப்படுகிறது. எல்லாம் அன்பினால் செய்யப்படுபவை. மானத்தைக் காப்பதற்காகச் செய்யப்படுபவை. ஆனால் நோயும் அதே போர்வைக்குள்தான் வளர்கிறது. ஆர்சனல் கழகம் செய்ததற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

மறைப்பது நமக்கு மட்டுமே உரிய பழக்கமுமல்ல. 1939இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரிலுள்ள புனித தோமையார் வைத்தியசாலையில், அனுமதிப் பிரிவில் பணியாற்றிய இக்னேஷியா என்னும் அருட்சகோதரி, குடிநோயாளி ஒருவரை முதன்முதலாகச் சேர்த்தபோது, கடுமையான இரைப்பை அழற்சி என்று பதிவுசெய்தார். குடிகாரரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அக்காலத்து வைத்தியசாலைகளில் இருக்கவில்லை. பின்னர் ஆயிரக்கணக்கானோர் அவர் கரங்களில் குணமடைந்தார்கள். அதே நகரில் 1935இல் தோன்றிய குடிமீட்பர் குழுக்களின் வழிமுறையில், தன் தவறுகளை இறைவனிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது ஒரு படியாகும். அதன் நிறுவுநருள் ஒருவருக்கு எட்வர்ட் டௌலிங் என்ற இயேசு சபைக் குருவானவர் பல்லாண்டுகள் ஆன்மிக நண்பராய் இருந்தார். ஒப்புரவு அருளடையாளத்தை அறிந்த நமக்கு இந்தப் படி அந்நியமானதல்ல.

ஆயினும் பாவசங்கீர்த்தனம் மருத்துவத்துக்கு மாற்றாகாது. இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணமுண்டு. பல ஆண்டுகள் மிகையாகக் குடித்தவர் ஆலயத்திலே நேர்த்தி வைத்துத் திடீரென நிறுத்தும்போது, ஓரிரு நாட்களுக்குள் கைநடுக்கம், இல்லாததைக் காண்பது, வலிப்பு என்பன வரலாம், உயிராபத்தும் நேரலாம். முனி அடித்துவிட்டது என்று எண்ணி என்னிடம் மந்திரிக்கக் கொண்டுவந்தவர்களும் உண்டு. அத்தகையவரை முதலில் வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். செபத்தை வழியில் செய்யலாம். அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். கொழும்பில் சுமித்திரயோ அமைப்பினரின் மெல் மெதுர நிலையமும் இருக்கிறது.

மீண்டும் அந்தச் சகோதரியிடம் வருகிறேன். நூலைப் படித்து முடித்த வாரத்தில் நானே அந்த லயத்துக்குப் போனேன். மாலை நேரம், மழைத்தூறல். கணவர் திண்ணையில் இருந்தார். நான் உதைபந்தாட்டம் பற்றியே பேசினேன். அடம்ஸின் கதையைச் சொன்னேன். அந்தக் கோலைப் பற்றியும் கேட்டேன், சிரித்தார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. இறுதியில், "சாமி, எனக்கு நிப்பாட்ட முடியல" என்றார். மூன்றே சொற்கள். உள்ளே அடுப்படியில் சத்தம் நின்றது.

வைத்தியசாலைக்கு மூவருமாய்ப் போனோம். முதல் ஐந்து மாதங்கள் நன்றாயிருந்தது. நத்தாரன்று பழைய தோழர்கள் வந்தார்கள், விழுந்தார். குணமடைந்தவன் ஆடையணிந்து அறிவுத்தெளிவோடு அமர்ந்திருப்பதைக் கண்ட கெரசேனர், மகிழாமல் அஞ்சினார்கள் என்று மாற்கு எழுதுகிறார். தன்னோடு குடிக்காதவனைக் கண்டு அஞ்சும் தோழர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். தை மாதத்தில் மறுபடி போனோம். இம்முறை அவருடைய மனைவி, கங்காணியிடம் காய்ச்சல் என்று சொல்லியனுப்பவில்லை.

இப்போது மாலை வேளைகளில் அவர் தோட்டத்துச் சிறுவர்களுக்கு விசில் ஊதுகிறார். இக்கட்டுரையை எழுதுமுன் இருவரிடமும் அனுமதி கேட்டேன். மனைவி சற்றுத் தயங்கி, "பேரு மட்டும் வேணாம் சாமி" என்றார். அவரோ, "போடுங்க சாமி, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். பிள்ளைகள் இன்னும் பாடசாலைக்குப் போகிறவர்கள் என்பதால் நான் போடவில்லை. அதற்காக அவர் என்னோடு சிறிது கோபமாகத்தான் இருக்கிறார்.