பணவீக்கம் 0.25 சதவிகிதமாம்... யார் வீட்டில்?

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் வெறும் 0.25%. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டில் இதைவிடக் குறைவாக வந்ததே இல்லை. காய்கறி, பருப்பு விலை இறங்கியதும் ஜி.எஸ்.டி குறைப்பும் முக்கியக் காரணங்கள். ஆனால், சென்னையில் தங்கம் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியதும் அதே மாதம்தான். மகள் கல்யாணத்துக்காக தி.நகர் உஸ்மான் ரோட்டில் நகைக்கடை ஏறி இறங்கியவரிடம் 'விலைவாசி ஏறவே இல்லையாம்' என்று சொல்லியிருந்தால், நல்ல பதில் கிடைத்திருக்கும்!

அரசின் கணக்கில் தப்பில்லை. அது சராசரி, அவ்வளவுதான். சராசரிக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்த்து எடை போடுகிறார்கள். பழைய குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு 45.86%.

தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்ற 2023 ஜூலை ஞாபகமிருக்கிறதா? அப்போது உணவுப் பணவீக்கம் 11.51%, மொத்தப் பணவீக்கம் 7.44%. அடையாறில் மாதம் ஒரு லட்சம் செலவழிக்கும் குடும்பத்துக்குச் சாப்பாட்டுச் செலவு 20,000 என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் சுமை சுமார் 2,300 ரூபாய். மொத்தச் செலவில் 2.3%. அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் மாதச் செலவு 15,000, அதில் சாப்பாட்டுக்கு 8,000 என்றால்? கூடுதல் 920 ரூபாய்தான். ஆனால், அது அவர் செலவில் 6 சதவிகிதத்துக்கும் மேல்.

2026 பிப்ரவரியில் வந்த, 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய குறியீட்டில் உணவின் பங்கு சுமார் 37 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. இனி தக்காளி எகிறினாலும் செய்தியில் வரும் எண் முன்பு போல் எகிறாது. அக்காவின் 8,000 ரூபாய் குறையவில்லையே!

மயிலாப்பூர் மாடவீதிப் பெரியவர்கள் கதை வேறு. அவர்கள் பட்ஜெட்டில் ஸ்கூல் ஃபீஸ் இல்லை. மாத்திரையும் டாக்டர் ஃபீஸும்தான் பெரிது. மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் வருடத்துக்கு இரண்டு முறை அகவிலைப்படி திருத்தப்படும். அதற்கு அளவுகோல், தொழிற்சாலை, சுரங்கம் போன்றவற்றில் வேலை செய்யும் குடும்பங்களின் செலவை வைத்துப் போடும் தொழிலாளர் குறியீடு! அமெரிக்காவில் 62 வயதைக் கடந்தவர்களுக்கென்று ஒரு பரிசோதனைக் குறியீடாவது உண்டு. இங்கே அதுவும் இல்லை.

தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து பி.எஃப் பென்ஷன் வாங்குபவருக்கு அகவிலைப்படியே கிடையாது. குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014-ல் நிர்ணயித்தார்கள். அதை எந்த விலைவாசிக் குறியீட்டோடும் இணைக்கவில்லை.