ஓயாத ‘மிஸ்ஸிங்’

மோட்டார் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் இடையிடையே ஒரு சிலிண்டர் தன் வேலையைச் செய்யாது விட்டுவிடுவதை நமது பக்கத்து மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்பர். ஒரேயடியாக நின்றுவிட்ட எஞ்சினைச் சீர்ப்படுத்துதல் எளிது. வருவதும் போவதுமாயிருக்கும் மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிப்பதோ, சந்தைக் கூட்டத்தில் மறையும் திருடனைப் பிடிப்பது போன்றதாகும். இத்தகைய நோய் ஒன்றுடன் நாம் சென்ற ஆண்டு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் போராடினோம். அதனால் அறிந்தவற்றை மாணவ நண்பர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் கூறவே இவ்வியாசத்தை எழுதத் துணிந்தோம்.

ஆம்பூரிலிருந்து கல்லூரிக்கு வரும் ஆசிரியர் நால்வராகிய நாம் ஒரு பெட்ரோல் காரில் கூடி வருவது வழக்கம். வாரத்தில் இரு நாட்கள் நம்முள் ஒருவருடைய தாயாரும் சிறுநீரகச் சிகிச்சைக்காக அதே வண்டியில் வேலூர் வருவார். ஒரு நாட்காலை மாதனூரைத் தாண்டியதும் வண்டி குலுங்கத் தொடங்கிற்று. பள்ளிகொண்டாவுக்கு அருகில், லாரிகள் முன்னும் பின்னும் விரைந்துகொண்டிருக்க, வேகமிழந்து சாலையோரம் ஒதுங்கினோம். அம்மூதாட்டியார் வெயிலில் முக்கால் மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அதன்பின், ‘இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை.

எஞ்சினின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு முறை சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை வெடிக்கும். நிமிஷத்துக்கு 3000 சுற்றுக்கள் என்று கொண்டால், ஒரு சிலிண்டரில் விநாடிக்கு 25 வெடிப்புகள். நான்கு சிலிண்டர்களிலும் சேர்த்து 100. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும்: தக்க அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும், அக்கலவையை நெருக்கும் கம்ப்ரெஷன், குறித்த கணத்தில் தோன்றும் தீப்பொறி. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வெடிப்பு தவறிவிடும். ஆகவே குற்றவாளி பிளக்காக இருக்கலாம். காயிலாகவோ, இன்ஜெக்டராகவோ, வால்வாகவோ, காற்றுக் குழாயில் உள்ள சிறு வெடிப்பாகவோ இருக்கலாம். அல்லது இவற்றையெல்லாம் இணைக்கும் ஒயராகவும் இருக்கலாம்.

இக்காலத்து வண்டிகளில் உள்ள கம்ப்யூட்டர் இதனை உணரும் முறை மிகவும் நயமானது. ஒரு வெடிப்பு தவறினால் கிராங்கின் சுழற்சி அணுவளவு தளரும். அத்தளர்ச்சியைக் கிராங்க் சென்சார் கொண்டு அளந்து, தவறிய சிலிண்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளும். ஸ்கேனரில் பி 0301 என்று கண்டால் முதற் சிலிண்டர். பி 0303 என்றால் மூன்றாவது. பி 0300 என்றால் இடம் நிலையாக இல்லை என்பது பொருள். எதிரே உள்ள மஞ்சள் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கினால் உடனே வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்துவதே தக்கது. எரியாத பெட்ரோல் புகைக் குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அடைந்து, அங்கே எரிந்து, அதனை உருக்கிவிடக்கூடும். அதன் விலையைக் கேட்டோர் மறுமுறை விளக்கை அலட்சியம் செய்யார்.

ஆயினும் இந்த எண் இடத்தைச் சொல்லுமேயன்றிக் காரணத்தைச் சொல்லாது. இதனை மறந்தமையே நமது துன்பத்துக்கெல்லாம் மூலம். நமது வண்டியில் வந்த எண் பி 0303. கம்பெனி சர்வீஸ் நிலையத்தார் மூன்றாம் பிளக்கை மாற்றினர், குறை தீர்ந்தது. ஒன்பது நாட்களில் மீண்டது. காயிலை மாற்றினர், தீர்ந்தது. இரண்டு வாரத்தில் மீண்டது. இன்ஜெக்டரைக் கழுவினர், அதுவும் அவ்வாறே. நான்காம் முறை, ‘பெட்ரோல் சரியில்லை ஐயா, பங்க்கை மாற்றிப் பாருங்கள்’ என்றனர். ஒவ்வொரு முறையும் பில் மட்டும் தவறாமல் வந்தது.

இந்நிலையில் ஆம்பூரில் சிறு பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரை அணுகினோம். அவர் எதையும் புதிதாக வாங்கச் சொல்லவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார்! குலுங்கும்போதெல்லாம் நாள், மணி, வேகம், எஞ்சின் சூடு, மேடா சமதளமா என்பவற்றை எழுதும்படி பணித்தார். பிறகு முதற் சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றிப் பூட்டினார். ‘குறை காயிலோடு முதலாவதுக்குப் போனால் குற்றம் காயிலுடையது, மூன்றிலேயே நின்றால் காயில் நிரபராதி’ என்றார். ஆறு நாட்கள் அமைதி. ஏழாம் நாள் மீண்டும் பி 0303. பிளக்குகளையும் அவ்வாறே மாற்றிப் பார்த்தார். மறுபடியும் சில நாட்கள் அமைதி, பின்னர் அதே எண். நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அப்பெரியவர் அப்பொழுது கேட்ட கேள்வியை நாம் மறவோம். ‘நான் புதிதாக ஒன்றுமே போடவில்லையே, பின் ஏன் ஆறு நாள் நன்றாக ஓடிற்று?’ எந்தச் சாமானை மாற்றினாலும் காயிலின் கப்ளரைக் கழற்றி மீண்டும் பூட்டியே ஆகவேண்டும். அவ்வாறு பூட்டும்போது அதனுள் இருக்கும் பின் சிறிது உராய்ந்து இறுகும். சில நாள் அதிர்ச்சியிலும் சூட்டிலும் மறுபடி தளரும். சர்வீஸ் நிலையத்தார் நோயைத் தீர்த்தது புதுச் சாமானால் அன்று. அறியாமற் செய்த அக்காரியத்தாலேயாம். எஞ்சின் நன்கு சூடேறியபின் கப்ளரை விரலால் அசைத்தபோது எஞ்சின் உடனே தடுமாறிற்று. உள்ளே ஒரு பின் கறுத்து, வாய் விரிந்து கிடந்தது. கப்ளரை மாற்றப் பட்டறைக் கூலியுடன் ஆன செலவு 650 ரூபாய்.

பின் ஏன் கறுத்தது? தோல் பதனிடுவோர் மயிர் நீக்கச் சோடியம் சல்பைடைப் பயன்படுத்துவர். அக்கழிவுநீர் அமிலத்துடன் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அது செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். நமது மெக்கானிக் குற்றத்தை அக்காற்றின் மேலேயே சுமத்தினார். ரசாயன ஆசிரியரோ புன்னகைத்து, வண்டி கழுவும்போது பானெட்டுக்குள் பீய்ச்சும் தண்ணீரே போதுமென்றார். அவ்வழக்கு இன்னும் ஆசிரியர் அறையில் தீரவில்லை.

சர்வீஸ் நிலையத்தாரிடம் நமது வழக்கு என்னாயிற்று என்பதையும் சொல்லவேண்டும். வாரண்டி முடிவதற்கு மூன்று வாரம் முன்பே நாம் குலுக்கத்தைப் பற்றி வாய்மொழியாகச் சொல்லியிருந்தோம். ஆனால் ஜாப் கார்டில் அது எழுதப்படவில்லை. ‘பொதுச் சோதனை’ என்றே இருந்தது. அதில் நாம் கையொப்பமும் இட்டிருந்தோம்! படித்தவர் நால்வர் ஒரு காகிதத்தைப் படியாமல் ஒப்பமிட்டோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். ஆதலால் வாரண்டியைக் கொண்டு கேட்க வழியில்லாமற் போயிற்று.

வாரண்டி இருந்தாலும் அதன் எல்லையை அறிதல் நன்று. மாருதி கார் பற்றிய வழக்கொன்றில் 2006-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வாரண்டியின் நிபந்தனைப்படி குறைபட்ட பாகத்தைச் சீர்ப்படுத்தவோ மாற்றவோ கேட்கலாமேயன்றி முழு வண்டியையும் மாற்றக் கேட்க இயலாது என்றது. ஃபியட் கார் ஒன்றின் எஞ்சின் சத்தம் பற்றிய 2010-ஆம் ஆண்டு வழக்கிலோ, சுதந்திரமான நிபுணர் ஒருவர் வண்டியைச் சோதித்து, உற்பத்தியிலேயே குறையுள்ளதென்று கண்டால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று அதே நீதிமன்றம் பணித்தது. இரண்டிலும் கேள்வி, ‘குறை எங்கே, அதற்குச் சான்று என்ன?’ என்பதே. வண்டியில் அன்றி வேலையில் குறையிருப்பின், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். காரணம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடுதல் வேண்டும்.

நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. நோட்டுப் புத்தகத்தின் நகலையும், நான்கு பில்களையும், கறுத்த பின்னின் படத்தையும் ஒரு கடிதத்துடன் வைத்துச் சர்வீஸ் நிலைய மேனேஜருக்கு அனுப்பினோம். எந்தச் சோதனையின் பேரில் ஒவ்வொரு சாமானும் மாற்றப்பட்டது என்று மட்டுமே கேட்டிருந்தோம். பதினோராம் நாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். மூன்று முறை வாங்கிய கூலியைத் திருப்பித் தந்தார்; காயிலின் விலையைத் தர மறுத்தார். பழைய காயிலையாவது கொடுங்கள் என்றோம். அதைத் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கறுத்த கப்ளர் பௌதிக ஆய்வுக்கூடத்தில், தீப்பெட்டி ஒன்றில் இருக்கிறது. விரும்பும் மாணவர் அங்கே பார்க்கலாம்.