புகைவேட்கையை வெல்லுமாறு

அச்சுவேலிச் செம்மண் தோட்டங்களிற் புகையிலை நெடுங்காலமாய் விளைந்து வருவதை யாவரும் அறிவர். அப்பயிரின் வருவாயாற் கல்வி பெற்றோர் பலர். யானும் அவருள் ஒருவன். ஆதலின் பயிரிடுவோரைப் பழித்தல் ஈண்டு என் கருத்தன்று. வகுப்பறையிற் புகையின் தீமையை ஓதிவிட்டு, இடைவேளையில் வேலிக்கப்பால் நின்று புகைத்த ஆசிரியனாய் யான் இருந்தேன். அந்நாணமே என்னை அப்பழக்கத்தை விடத் தூண்டியது. விட முயல்வோரை இடைவழியில் வீழ்த்தும் வேட்கையின் இயல்பை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகையிலுள்ள நிக்கொற்றின் என்னும் பொருள், உள்ளிழுத்த சில நொடிகளில் மூளையை அடைந்து, இன்ப உணர்ச்சியோடு தொடர்புடைய டோபமினைச் சுரப்பிக்கின்றது. குருதியில் அதன் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்திற் பாதியாகும். குறையவே மூளை மீண்டும் அதனை அவாவுகின்றது. அப்போது தோன்றும் சினம், சோர்வு, உறக்கமின்மை, மனம் ஒருமைப்படாமை என்பன உடலின் மாற்றங்களேயன்றி மனவுறுதியின்மைக்குச் சான்றுகள் அல்ல.

இவ்வேட்கை என்றும் நிலைப்பதோ எனின், அன்று. விட்ட முதல் 3 நாள்களில் மிக்கு நின்று, 2 முதல் 4 வாரங்களிற் பெரும்பாலும் தணியும். ஒவ்வொரு முறை எழும் வேட்கையும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதனோடு பொருதல் வேண்டா. அது கழியுமட்டும் பொறுத்தலே வேண்டுவது.

பொறுக்குமாறு யாதெனின், வேட்கை எழும் இடத்தைவிட்டு நீங்குதலாம். தேநீர் அருந்தியதும் எனக்கு வேட்கை எழும். உடனே எழுந்து கிணற்றடிக்குச் சென்று, ஒரு செம்பு நீரை மெல்லப் பருகி, நெடுமூச்சு விடுவேன். இருந்த இடத்தில் இருந்த நாள்களிலேயே தோற்றேன்.

ஒன்பதாம் நாள், மரண வீடொன்றில் வெற்றிலைத் தட்டத்திலிருந்த சுருட்டை எடுத்துப் புகைத்தேன். மறுநாள் மீண்டும் விரதந் தொடங்கினேன். ஒருமுறை வழுக்கியவன் முயற்சியைக் கைவிடல் ஆகாது. புகைக்கு மாற்றாக வெற்றிலையோடு புகையிலை சப்புதலும் தகாது, அதிலும் நிக்கொற்றின் உண்டு, வாய்ப்புற்றுநோயும் வரும். வேட்கை மிக்கோர் மருத்துவரை நாடுக. நிக்கொற்றின் கலந்த மெல்லுபசையையும் ஒட்டுத்தாளையும் உலக சுகாதார நிறுவனம் 2009இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்துள்ளது.

இன்று இடைவேளையில் யான் மாணாக்கரோடு வேலிக்கு இப்பால் நிற்கின்றேன். விட விரும்பும் அன்பர்காள், அடுத்த சில நிமிடங்களை மட்டும் வெல்லுங்கள். அவ்வாறே நாள்களும் வெல்லப்படும்.