தீக்குத் தப்பிய டிராம் ஸ்டேஷன்

அமெரிக்காவிலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் நகரம் மோட்டார்களுக்குப் பேர்போனது. ஆனால் ஒரு காலத்தில் அந்நகரைச் சுற்றுப்புறத்து ஊர்களோடு பிணைத்திருந்தவை ‘பஸிபிக் எலெக்ட்ரிக்’ கம்பெனியின் சிவப்பு டிராம்களே என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

1902-ஆம் ஆண்டில் லாங் பீச் பட்டினம் வரையில் பாதை போடப்பட்டது. அப்பாதையில், வாட்ஸ் என்னும் ஊரில், 1904-இல் மரத்தாலான சிறு ஸ்டேஷன் ஒன்று எழுந்தது. 1926-இல் அவ்வூர் பெருநகரோடு சேர்ந்தது. நாளடைவில் நீக்ரோ மக்கள் அங்கே பெருகினர். மோட்டார் வளர வளர டிராம் தேய்ந்தது. 1961-இல் அந்த வண்டியும் நின்றது. மோட்டார் வாங்க வகையற்ற ஏழைகள் வேலைக்குச் செல்வது எவ்விதம்?

1965 ஆகஸ்டில் அங்கே பெருங்கலகம் மூண்டது. ஆறு நாட்களில் 34 உயிர்கள் மாண்டன. 103-ஆவது வீதிக் கடைகள் வெந்து சாம்பலாயின. மரத்தாலான ஸ்டேஷனோ தீக்குத் தப்பி நின்றது! அவ்வாண்டு டிசம்பரிலேயே நகரசபை அதைச் சரித்திரச் சின்னமாக்கியது. கலகத்தை ஆராய்ந்த மக்கோன் கமிஷன், போக்குவரத்துக் குறைவையும் மக்களின் குறைகளுள் ஒன்றாகக் குறித்தது.

பின்னர் அக்கட்டிடம் செப்பனிடப்பட்டு, ஜனங்கள் மின்சார, தண்ணீர்க் கட்டணம் செலுத்தும் காரியாலயமாகத் திறக்கப்பட்டது. 1990-இல் அதே மார்க்கத்தில் மின்சார ரயிலும் திரும்பி வந்தது.

பழைய கட்டிடத்தைக் காப்பது நல்ல காரியமே. ஆனால் அது எந்த ஜனங்களுக்காக எழுந்ததோ, அவர்களுக்கு வழி திறந்தபோதுதான் அப்பணி நிறைவெய்தியது எனலாம்.