அபாய மணியும் இளங்கோவடிகளும்

வாசகரின் நெஞ்சு படபடக்க வேண்டுமானால், முடிவைக் கடைசி வரையில் மூடி வைக்க வேண்டும் என்று கதாசிரியர் பலர் கருதுகிறார்கள். மேனாட்டுத் துப்பறியும் நாவல்களிடம் நாம் கற்ற பாடம் இது. ஆனால் இதற்கு நேர்மாறான சாட்சி நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. 1892-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளியிட்ட சிலப்பதிகாரந்தான் அது. கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரியுண்டதையும் அதன் பதிகம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அப்படியிருந்தும் நாம் மூச்சை அடக்கிக்கொண்டே படிக்கிறோம். காரணம் என்ன?

அடிகள் அபாயத்தைப் படிப்படியாக அறிவிக்கிறார். புகாரில் கண்ணகி ஒரு தீக்கனாக் கண்டு தேவந்தியிடம் உரைக்கிறாள். தோழி பரிகாரம் கூறுகிறாள். அது தனக்குப் பெருமையன்று என மறுத்துவிடுகிறாள் கண்ணகி. பிறகு, மதுரையின் மதிற்கொடிகள் 'வராதே' என்று தடுப்பனபோல் அசைகின்றன; அதை உணர்வார் இல்லை. அடுத்தாற்போல் கோவலனே கனாக் காண்கிறான். ஆடை பறிபோக, கொம்புடைய விலங்கின்மேல் தான் ஊர்வதாகக் கண்டதை மாடலனிடம் கூறுகிறான். அதைக் கேட்டவர்கள் அவனைப் பொழுது சாயுமுன் ஊருக்குள் புகச் சொல்கிறார்கள்! அதன்பின் பட்டப்பகலில், சிலம்பு விற்கப் புறப்பட்டவனைக் காளை ஒன்று எதிர்த்துப் பாய்கிறது. அது தீநிமித்தம் என்பதை அவன் குலம் அறியாது. கடைசியில் ஆய்ச்சியர் சேரி முழுவதுமே கலங்குகிறது. குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்கள் நீர் சொரிகின்றன, பசுக்களின் கழுத்து மணிகள் அறுந்து விழுகின்றன. துயர் நீங்க ஆய்ச்சியர் குரவை ஆடுகிறார்கள், கண்ணகி பார்த்திருக்கிறாள். கோவலன் அதற்கு முன்பே வெட்டுண்டான் என்பது நமக்குத் தெரியும்; அவளுக்குத் தெரியாது.

கனவில் தொடங்கிய எச்சரிக்கை அடுக்களைப் பானை வரையில் வந்துவிட்டது. ஆனால் குறிகள் பெருகினால் மட்டும் போதாது. ஒவ்வொரு குறியும் தப்பிச் செல்ல ஒரு வழியைக் காட்டுகிறது. மானத்தாலோ, அறியாமையாலோ, நல்லெண்ணத்தாலோ அவ்வழி அடைபடுகிறது. 'என்ன நேரும்?' என்ற ஆவல் ஒரு முறை படித்ததும் தீர்ந்துவிடும். 'இப்பொழுதாவது திரும்ப மாட்டானா?' என்ற தவிப்போ எத்தனை முறை படித்தாலும் தீர்வதில்லை.

ஆகவே, கதை எழுத முற்படும் இளைஞர்கள் இடியையும் ஆந்தையின் அலறலையும் தேடி அலைய வேண்டியதில்லை. உறையாத பால் ஒரு குடம் போதும். அதைக் கண்டும் காணாமற்போகிற, நம்மைப்போன்ற மனிதன் ஒருவன் வேண்டும். அவன்பால் நமக்கு அன்பு பிறக்கவும் வேண்டும். அன்பில்லாதவிடத்துத் திகில் ஏது?